குணமானவர் எத்தனை பேர்

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சின்ன வயதிலேயே அண்ணன் அவளுக்கு மிளகாய் என்று பெயர் வைத்துவிட்டார். அது பேச்சில் தேய்ந்து மிளகா ஆகி, ஐம்பதைத் தொடப்போகிற வயதிலும் அவர் வாயில் அப்படியே இருந்தது. ஆனால் அவள் வேலை பார்க்கிற இடத்தில் விசாரித்தால், அந்த மேடமா, தங்கமான மனுஷி, ஒரு நாள்கூட முகம் சுளித்துப் பார்த்ததில்லை என்பார்கள். இரண்டும் நிஜம்தான். காலையில் செருப்பை மாட்டும்போது கோபத்தைக் கழற்றி வாசலிலேயே விட்டுவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்ததும் எடுத்து மாட்டிக்கொள்வாள். அவள் பாத்திரம் கழுவுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு ஆபீஸில் என்ன நடந்திருக்கும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

அந்த ஆபீஸ் ஓர் அறக்கட்டளை. பெயின்ட் விற்றுப் பெரும் பணக்காரரான ஒருவர் கடைசிக் காலத்தில் தொடங்கியது. அவர் இப்போது வரவேற்பறைச் சுவரில் படமாக இருக்கிறார். மகன் சேர்மனாக இருக்கிறார். நல்ல காரியம் செய்கிற அமைப்புகளுக்குப் பணம் கொடுப்பார்கள். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. ப்ரோக்ராம் ஆபீசர் என்று கார்டில் அச்சடித்திருக்கும். வருகிற விண்ணப்பங்களைப் படிப்பாள், நேரில் போய்ப் பார்ப்பாள், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள், இரண்டு பக்கத்தில் சிபாரிசு எழுதுவாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போர்டு கூடி முடிவு செய்யும்.

இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. பணம் கொடுக்கிற இடத்திலிருந்து வருகிறவள் சொல்கிற எதையும் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். அவள் சொல்கிற ஜோக் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சோதித்துப் பார்க்கவென்றே ஒரு முறை, ஒரு விடுதிக் கட்டடத்தைக் காட்டி, இதைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினால் காற்று நன்றாக வருமே என்றாள். விடுதிக்காரர் கண்ணை இமைக்காமல், அதைத்தான் மேடம் நாங்களும் யோசித்துக்கொண்டிருந்தோம் என்றார். அன்றைக்கு வீட்டில் ஒரு குழம்புச் சட்டி நெளிந்தது.

போர்டு கூட்டத்தில் பெரியவர் காலத்திலிருந்து ஒரு வழக்கம். ஒவ்வோர் அமைப்பைப் பற்றியும் பேசியதும், அந்த அமைப்பால் பலன் அடைந்த ஒருவரை உள்ளே அழைத்து, மேசையின் கடைக்கோடியில் இதற்கென்றே போட்டிருக்கும் நாற்காலியில் உட்காரவைத்து, கொஞ்ச நேரம் பேசச் சொல்வார்கள். பயனாளி குரல் என்று அதற்குப் பெயர். உள்ளே போகுமுன் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவள் வேலைதான். சுருக்கமாகச் சொல்லுங்கள். கடைசியில் நன்றி சொல்ல மறந்துவிடாதீர்கள். கண் கலங்கினால் பரவாயில்லை, ஆனால் விசித்து அழவேண்டாம், சேர்மனுக்குத் தாங்காது. இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வரும். எரிச்சலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சொல்லித்தான் அனுப்பினாள், பதினைந்து வருடமாக.

அவள் ஜோக்குக்குச் சிரிக்காத ஒரே ஆள், பெரிய சிஸ்டர் என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு மூத்த நர்ஸ். டயர் கடைக்குப் பின்னால் ஒரே ஓர் அறை, அவரையும் சேர்த்து நான்கு நர்சுகள், இரண்டு ஸ்கூட்டர், மருந்து வைக்க ஒரு பழைய ஃபிரிட்ஜ். இவ்வளவுதான் அவருடைய அமைப்பு. இனி எங்களால் ஆவதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரி கைவிரித்துவிட்ட நோயாளிகளை இவர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுவார்கள். வலிக்கு மருந்து கொடுப்பார்கள். படுக்கையில் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பார்கள். யாரிடமும் காசு வாங்குவதில்லை.

முதல் முறை அவள் பார்வையிடப் போனபோது வரவேற்பும் இல்லை, பூங்கொத்தும் இல்லை. பெரிய சிஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வருவதானால் ஸ்கூட்டரில் பின்னால் உட்காருங்கள், எனக்கு நேரமாகிறது என்றார். உட்கார்ந்தாள். கடைசியாகப் போன வீட்டில் ஒரு பெண்ணுக்கு முதுகில் ஆறாத புண். அந்த வாடையில் இவள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். பெரிய சிஸ்டர் ஏதோ கைக்குட்டை துவைப்பதுபோல் சாவகாசமாக அதைக் கழுவிக்கொண்டே, அந்தப் பெண்ணிடம் பழைய சினிமாக் கதை கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து சிபாரிசு எழுதியபோது இரண்டு பக்கம் வரவில்லை, ஒரு பக்கம்தான் வந்தது. போர்டு மூன்று வருடத்துக்குப் பணம் கொடுத்தது. நான்கு பேர் சம்பளமும் பெட்ரோலும் மருந்தும் அந்தப் பணத்தில்தான் ஓடின.

மூன்று வருடம் முடிகிற சமயம் பார்த்து அறக்கட்டளைக்குப் புது டைரக்டர் வந்து சேர்ந்தார். பெரிய கம்பெனிகளுக்கு யோசனை சொல்லிச் சம்பாதித்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதினால் உலகம் சரியாகிவிடும் என்று மனதார நம்புகிறவர், அவ்வளவுதான். வந்த வேகத்தில் எல்லாருக்கும் ஒரே அட்டவணை என்றார். மருத்துவம் என்ற தலைப்பில் பணம் வாங்குகிற எல்லாரும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதவேண்டும்: குணமானவர்கள் எத்தனை பேர்? கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். பெரிய சிஸ்டர் பூஜ்யம் என்று எழுதி அனுப்பினார். கம்ப்யூட்டர் அந்த வரியைச் சிவப்பாக்கியது. சிவப்பு என்றால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

அவள் டைரக்டர் அறைக்குப் போய், முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, சாகப்போகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்பது சரியா சார் என்று கேட்டாள். அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால்தான் நியாயம் மேடம் என்றார் அவர். சரி, வலி குறைந்தவர்கள் என்று பக்கத்தில் இன்னொரு கட்டம் போடலாமே என்றாள். வலியை எப்படி மேடம் எண்ணுவது என்று அவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். அவளுக்கு மேசையில் இருந்த தண்ணீர் கிளாஸைத் தூக்கி எறியவேண்டும்போல் இருந்தது. நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பெரிய சிஸ்டருக்குப் போன் செய்து, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடக் கூடாதா என்று கேட்டதற்கும் நல்ல பதில் கிடைத்தது.

"பூஜ்யம்தான மேடம் உண்மை? நாங்க பார்த்த யாரும் பொழைக்கல. பொழைப்பாங்கன்னு நாங்க யார்கிட்டயும் சொன்னதும் இல்ல."

சரி, போர்டு கூட்டத்தில் நான் இருப்பேன், நான் பேசிக்கொள்கிறேன் என்றாள். அந்த அறையில் அந்த நான்கு நர்சுகளுக்காக வாய் திறக்க அவளை விட்டால் வேறு நாதியில்லை. அது அவளுக்கும் தெரியும், பெரிய சிஸ்டருக்கும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் அண்ணன் விஷயம் வந்தது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அப்பா போனபிறகு, படிப்பை விட்டுவிட்டு அந்தரத்தில் தொங்கிச் சம்பாதித்து இவளைப் படிக்கவைத்தவர். வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோதே முற்றிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் வழக்கமான வார்த்தையைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு நாலாவது மாடியில். ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்தவரின் கட்டடத்தில், அவர் படுத்ததிலிருந்து லிஃப்ட் ஓடவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரிப்பார், சிரித்தால் வலிக்கும், வலித்தால் கத்துவார். ராத்திரியெல்லாம் கத்தினார்.

பெரிய சிஸ்டருக்கு ஒரு போன் போட்டிருந்தால் மறுநாளே வந்திருப்பார். அவள் போடவில்லை. பணம் கொடுக்கிற இடத்தில் இருந்துகொண்டு பணம் வாங்குகிறவர்களிடம் சொந்த அண்ணனுக்காகக் கேட்பதா என்ற தயக்கம் வாயை அடைத்தது. அண்ணன் அந்தப் பக்கம் துடித்துக்கொண்டிருக்க, இவள் இந்தப் பக்கம் நேர்மையாக இருந்தாள். இதைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த நேர்மையை எடுத்துக் குப்பையில் போடலாம்போல் இருக்கும்.

கடைசியில் அண்ணிதான் தேடினார். மருந்துக்கடைக்காரர் ஒரு நம்பர் கொடுத்தார். ஒரு சாயங்காலம் ஆபீஸ் முடிந்து நாலு மாடி ஏறி மூச்சு வாங்க உள்ளே போனவள், கட்டில் பக்கத்தில் பெரிய சிஸ்டர் அண்ணனின் முதுகைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"வா மிளகா" என்றார் அண்ணன். "நேத்து தூங்கிட்டேன்டி. நிஜமான தூக்கம். இவங்கதான் தூங்க வச்சாங்க."

பெரிய சிஸ்டர் அவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். உங்கள் அண்ணனா மேடம் என்று மட்டும் கேட்டுவிட்டு, வேலையைத் தொடர்ந்தார்.

அவளுக்கு உடனே ஆபீஸ் ஞாபகம் வந்தது. அறக்கட்டளையில் ஒரு விதி இருக்கிறது. ஆபீசரின் உறவினர் யாராவது ஓர் அமைப்பால் பலன் பெற்றால், அதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த அமைப்பைப் பற்றிப் பேசும்போது அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். நல்ல விதிதான். முன்பு ஒருவர் தன் மச்சான் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு வருடா வருடம் வாரிக் கொடுத்துக் கையும் களவுமாக மாட்டியபோது, இப்படி ஒரு விதி வேண்டும் என்று சண்டை பிடித்து, உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாக எழுதியவளே அவள்தான். இப்போது அது அவள் கழுத்தையே பிடித்தது.

சமையலறையில் அண்ணியிடம் இதைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் அது சின்ன வீடு. கட்டிலிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"இங்க வா. இவங்க எனக்கு வைத்தியம் பண்ணலன்னா நீ அந்த ரூம்ல உட்காரலாம்ல?"

அவள் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அப்ப நாளைலருந்து வர வேண்டாம்னு சொல்லிடறேன். நாலு பேரோட வேலை. இவங்க போற வீடு எத்தனையோ. எனக்கு என்ன, இன்னும் கொஞ்ச நாள்தான? பல்லைக் கடிச்சுக்கறேன்."

"வாயை மூடு" என்றாள் அவள்.

அண்ணனை அப்படி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. பேசிய பிறகு நிறுத்தவும் முடியவில்லை. தியாகம் செய்தது போதும், அந்தரத்தில் தொங்கினது போதும், உன் வலியை விற்று எனக்கு ஒரு நாற்காலி வேண்டாம் என்று கத்தினாள். அண்ணி கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். அவருக்கு வேறு கோபம். அவர் கத்தவில்லை.

"உன் ஆபீஸ் சட்டம் உன் ஆபீஸ்லயே இருக்கட்டும்மா. நாலு மாடி ஏறி அது இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

பெரிய சிஸ்டரைப் படிவரை கொண்டுவிடப் போனபோது, அவள் மனதில் இருந்ததை ஒரு வழியாகச் சொல்லிப் பார்த்தாள். அண்ணன் பெயரும் என் பெயரும் சேர்த்துப் பார்த்தால்கூட யாருக்கும் தெரியாது, நான் பேசாமல் இருந்துவிட்டால் முடிந்தது. பெரிய சிஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதெல்லாம் வேண்டாம் என்றார். நாளைக்கு யாராவது தோண்டி எடுத்தால், ஆபீசரின் அண்ணனைக் கவனித்ததால் கிடைத்த பணம் என்பார்கள். அதற்குப் பிறகு எங்கே போய் நின்றாலும் கதவு திறக்காது. விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள் மேடம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

எழுதிக் கொடுத்தாள். டைரக்டர் அவள் நேர்மையைப் பாராட்டினார். பாராட்டு அவளுக்கு நெஞ்சில் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல் இருந்தது.

போர்டு கூடிய அன்று, கண் ஆஸ்பத்திரி முடிந்து பெரிய சிஸ்டரின் முறை வந்ததும், எழுந்து வெளியே போனாள். கூட்ட அறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே நடப்பது தெரியும், கேட்காது. வெளியே சோபாவில் உட்கார்ந்தாள். திரையில் அட்டவணை வந்தது. சிவப்பு வரி இங்கிருந்தே தெரிந்தது. டைரக்டர் ஏதோ சொன்னார். ஒருவர் தலையாட்டினார். ஒருவர் பிஸ்கட்டை உடைத்தார். சேர்மன் கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய சிஸ்டரின் ஸ்கூட்டரும் ஃபிரிட்ஜும் நான்கு சம்பளமும் ஒரு பிஸ்கட் தின்கிற நேரத்தில் போகப்போகின்றன என்று அவளுக்குப் புரிந்தது. வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிற கோபம் அன்றைக்கு அவள் பின்னாலேயே வந்துவிட்டது.

அப்போது சேர்மனின் செகரட்டரி அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நிகழ்ச்சி நிரலை வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தபடி, சாதாரணமாகக் கேட்டார்.

"பயனாளி குரலுக்கு இவங்க ஆளே அனுப்பலையே. யாரும் வரலைன்னு எழுதிடவா?"

எப்படி அனுப்புவார்கள்? மூன்று வருடமாக அவர்கள் பார்த்தவர்கள் செத்துப்போய்விட்டார்கள், இப்போது பார்க்கிறவர்கள் படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள். செத்தவர்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து நன்றி சொல்லவா முடியும்? அவள் எழுந்தாள்.

"எழுதாதீங்க. ஆள் வந்திருக்கு."

ஆபீசர் உட்காருகிற பக்கம் போகவில்லை. மறுபக்கக் கதவைத் திறந்து நேராக அந்தக் கடைக்கோடி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். டைரக்டர் பதறிப்போனார். மேடம், விதிப்படி நீங்கள் வெளியே இருக்கவேண்டும் என்றார். விதியை எழுதினது நான்தான் சார், ஆபீசர் வெளியே போகவேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன், இது பயனாளி நாற்காலி, நான் நோயாளியின் தங்கை என்றாள். எல்லாரும் சேர்மனைப் பார்த்தார்கள். அவருக்கு இந்த மாதிரி நேரங்களில் என்ன செய்வதென்றே தெரியாது. அதனால் அந்த நாற்காலியில் உட்காருகிற எல்லாரிடமும் கேட்கிற அதே கேள்வியை அதே கனிவோடு கேட்டார்.

"இப்ப எப்படி இருக்கார்? குணமாயிட்டு வர்றாரா?"

"இல்ல சார். செத்துக்கிட்டிருக்கார்."

பிஸ்கட் தின்றவர் வாயை அசைப்பதை நிறுத்தினார்.

"குணமாக மாட்டார். அது அந்த நர்சுகளுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் லிஃப்ட் இல்லாத கட்டடத்துல நாலு மாடி ஏறி வர்றாங்க. ராத்திரி பூரா கத்திக்கிட்டு இருந்த மனுஷன் இப்ப தூங்கறார். எழுந்து என்னைக் கிண்டல் பண்றார். அதுக்கு உங்க அட்டவணைல இடம் இல்ல. பூஜ்யம்னு போட்டு சிவப்படிச்சு வச்சிருக்கீங்க."

அவளுக்குக் குரல் நடுங்கியது. அழுகையால் இல்லை.

"கடைசில நன்றி சொல்லணும்னு இந்த நாற்காலில உட்கார்ந்த எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் சொல்லமாட்டேன்."

எழுந்து வெளியே வந்து சோபாவில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேர்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுபடி மூன்று வருடத்துக்குப் பணம் கிடைத்தது. சாயங்காலம் டைரக்டரே வந்து சொன்னார். அட்டவணை? அது அப்படியேதான் இருக்கும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அவள் சந்தோஷப்பட முயன்று பார்த்தாள், வரவில்லை. நர்சுகளின் வேலையைப் பார்த்துக் கொடுக்கவில்லை, இவள் அண்ணனைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் கொடுத்தார்கள். அவளுக்கு அண்ணனே இல்லாமல் இருந்திருந்தால்? அல்லது அவர் வேறு ஏதோ ஒரு வீட்டின் அண்ணனாக இருந்திருந்தால்? நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. போகிறபோக்கில் டைரக்டர் இன்னொன்றும் சொன்னார். சேர்மனுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டதாம், ஆண்டு மலரில் போட அண்ணனின் படம் ஒன்று வேண்டுமாம்.

படமெல்லாம் முடியாது என்று சொல்லிவிடுகிறேன் என்று அண்ணனிடம் போய்ச் சொன்னாள். அவர்தான் கேட்கவில்லை. போட்டோவா, எடுக்கட்டுமே, முகத்தை மழிக்க ஆளைக் கூப்பிடு என்றார். போட்டோக்காரர் வந்தார். பெரிய சிஸ்டர் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தார். நல்ல சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"பேப்பர்லயாவது பொழைச்சுக்கறேனே" என்று சொல்லிச் சிரித்தார் அண்ணன். அந்தச் சிரிப்பைத்தான் போட்டோக்காரர் பிடித்தார். அவள் சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

அடுத்த மாதம் ஒரு காலையில் அண்ணன் போய்விட்டார். அண்ணி ஒரு கையைப் பிடித்திருந்தார், அவள் ஒரு கையை. பெரிய சிஸ்டர் ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டார். கத்தவில்லை, முனகவில்லை. லிஃப்ட் ரிப்பேர் ஆச்சா என்று கேட்டார், இன்னும் இல்லை என்றாள், சோம்பேறிப் பசங்க என்றார். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. அவள் வாழ்க்கையில் பார்த்த சாவுகளிலேயே அதுதான் கௌரவமான சாவு.

ஆண்டு விழாவுக்கு முதல் நாள், அச்சகத்திலிருந்து ஆண்டு மலர் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. மத்தியானம் ஒன்றை எடுத்துப் புரட்டினாள். நடுப்பக்கத்தில் முழுப் பக்கத்துக்கு அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அச்சடித்திருந்தது: எங்கள் உதவியால் குணமடைந்து வரும் பயனாளி. எதிர்ப்பக்கத்தில் அட்டவணை. பெரிய சிஸ்டரின் வரி பச்சை நிறத்தில் இருந்தது. குணமானவர்கள்: ஒன்று.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை. அவர் பார்த்துவிட்டு உண்மையிலேயே சங்கடப்பட்டார். போர்டு பணம் கொடுத்துவிட்ட அமைப்பைச் சிவப்பில் போட்டால் சேர்மனுக்கு நன்றாக இருக்காதே, பூஜ்யத்தைப் பச்சையாக்கக் கம்ப்யூட்டர் விடாது, அதனால் படத்தில் இருப்பவரை ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள், நல்ல மனதோடு செய்ததுதான் மேடம் என்றார். திரும்ப அச்சடிக்க நேரமில்லை என்றார். யார் கவனிக்கப்போகிறார்கள் என்றும் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு முதல் வரிசைல எங்க அண்ணி உட்கார்ந்திருப்பாங்க சார். நீங்கதான் இன்விடேஷன் அனுப்பினீங்க. அவங்க கைல இதைக் கொடுத்து, உங்க வீட்டுக்காரர் குணமாயிட்டார்னு நீங்களே சொல்லுங்க."

வெளியே வந்து, கவர்களுக்கு விலாசம் ஒட்டுகிற வெள்ளை லேபிள் தாள்களை அலமாரியிலிருந்து எடுத்தாள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தட்டினாள். பிரின்டர் துப்பத் தொடங்கியது. பெட்டிகளைக் கூட்ட அறைக்கு இழுத்துக்கொண்டு போய், அந்தப் பெரிய மேசையில் புத்தகங்களைப் பரப்பி, கடைக்கோடி நாற்காலியில் உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் இரண்டு லேபிள். அட்டவணையில் ஒன்றின் மேல் பூஜ்யம். அண்ணன் படத்துக்குக் கீழே: இறந்துவிட்டார். வலி இல்லாமல்.

செகரட்டரி அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினவர், கண்ணாடி வழியே பார்த்தார். உள்ளே வந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்தார். பையைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவரும் ஒட்ட ஆரம்பித்தார். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பாதிப் பெட்டிகூட முடியவில்லை.

டைரக்டர் கோட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்க வாயெடுத்தார். மேசை முழுக்க அண்ணன் விரித்துக் கிடந்து அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கேட்கவந்ததை அவர் கேட்கவில்லை.

அவள் தலை நிமிரவில்லை. ஒரு லேபிள் தாளை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். அந்த ஆபீஸில் யாரும் கேட்டிராத குரலில், அவள் வீட்டுப் பாத்திரங்களுக்கு மட்டும் பழக்கமான குரலில் சொன்னாள்.

"உட்காருங்க சார். இன்னும் நாலு பெட்டி இருக்கு."

கோட்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு அவர் உட்கார்ந்தார். முதல் லேபிளைக் கோணலாக ஒட்டினார். அவள் அதைப் பார்த்தாள், பிய்த்து எடுத்தாள், புது லேபிள் ஒன்றை அவர் கையில் கொடுத்து நேராக ஒட்டச் சொன்னாள்.